அண்டம் எல்லையுடையதோ, எல்லையற்றதோ? — ஒரு வினாவின் வரலாறு

வானத்தை அண்ணாந்து நோக்கும் சிறுவன் முதலாக, வாழ்நாள் முழுவதையும் வானாராய்ச்சியிற் கழித்த பேரறிஞன் ஈறாக, யாவர் உள்ளத்திலும் ஒருகால் எழும் வினா ஒன்று உண்டு. இவ்வண்டத்துக்கு எல்லை உண்டோ, இல்லையோ என்பதே அவ்வினா. உண்டெனின், அவ்வெல்லைக்கு அப்பால் யாது உளது என்ற கேள்வி உடனே எழுகின்றது. இல்லையெனின், முடிவில்லாத ஒன்றை மனம் எங்ஙனம் பற்றுவது என்ற மலைப்பு உண்டாகின்றது. இருபாலும் இடர்ப்பாடுடைய இவ்வினா ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக மேலைநாட்டு அறிஞரைத் தொடர்ந்து வந்துள்ளது. ஒரு காலத்தார் எல்லை உண்டென்றனர். பிறிதொரு காலத்தார் இல்லையென்றனர். அவர்க்குப் பின் வந்தோர் மீண்டும் உண்டென்றனர். இதனை மேலெழுந்தவாரியாக நோக்குவார், அறிவு வளராது ஊசல்போல் ஆடியதெனக் கருதுதல் கூடும். அக்கருத்துப் பொருந்தாது. விடைகள் மாறி மாறி வந்தனவாயினும், வினா ஒவ்வொரு முறையும் முன்னையினுந் தெளிவு பெற்றே வந்தது. ஒன்றெனத் தோன்றிய வினா உண்மையிற் பல வினாக்களின் தொகுதி என்பது படிப்படியாகப் புலனாயிற்று. அப்படிகளை முறையே எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்கர் கண்ட கோளம்

கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் பிளேற்றோவின் நண்பருமாகிய ஆர்க்கைற்றஸ் என்பார் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். வானத்தின் விளிம்பில் நிற்கும் ஒருவன் தன் கையையோ கோலையோ அப்பால் நீட்டுதல் இயலுமா, இயலாதா? இயலுமாயின் அப்பாலும் இடம் உண்டு. இயலாதாயின் தடுப்பதற்கு அங்கு ஏதோ ஒரு பொருள் இருத்தல் வேண்டும். எவ்வாறாயினும் விளிம்பு விளிம்பாகாது. உரோமப் புலவராகிய லுக்கிறீஷியஸ் கி. மு. முதலாம் நூற்றாண்டில் இதே வாதத்தைக் கோலுக்குப் பதிலாக எறியீட்டி ஒன்றை வைத்துத் தம் நூலிற் கூறினார்.

இவ்வாதம் கேட்போர் உள்ளத்தைக் கவர்வதாயினும், அக்காலத்து அறிவுலகை ஆண்டது அரிஸ்ரோட்டில் கொண்ட மறுதலைக் கொள்கையே. அவர் காட்டிய காரணமும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. வானம் நாடோறும் ஒரு முறை பூமியைச் சுற்றி வருதல் கண்கூடு. வானம் முடிவிலதாயின், மையத்திலிருந்து புறப்படும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமும் முடிவின்றி அகலும். முடிவில்லாத தூரத்தை முடிவுள்ள ஒரு நாளிற் கடத்தல் எப்பொருளுக்கும் இயலாது. ஆகவே சுழலும் வானம் எல்லையுடையதாதல் வேண்டும். அதற்கு அப்பால் யாது உளது என்பார்க்கு, அப்பால் இடமும் இல்லை, வெற்றிடமும் இல்லை, காலமும் இல்லை. ஆதலின் ‘அப்பால்’ என்ற சொல்லே பொருளற்றது என அவர் விடை கூறினார்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி இக்கோளத்துக்கு அளவும் வகுத்தார். உடுக்கள் பதிந்த புறக்கோளம் பூமியின் ஆரையைப் போல் ஏறத்தாழ 20,000 மடங்கு தொலைவில் உள்ளதென்பது அவர் கணக்கு. இன்று அறியப்பட்ட பூமியின் ஆரையைக் கொண்டு பெருக்கின் இஃது ஏறத்தாழ 12 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர் ஆகும். பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட உண்மைத் தூரமோ ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். பண்டையோர் அண்டமுழுவதும் இன்று ஞாயிறு நிற்கும் இடத்தைக்கூட எட்டவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆயினும் இவ்வளவுகளே அராபிய அறிஞர் வாயிலாகவும் பின்னர் ஐரோப்பியர் வாயிலாகவும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் வரை பெரும்பாலும் போற்றப்பட்டன.

கோளம் உடைந்தமை

1543 ஆம் ஆண்டில் வெளிவந்த கொப்பேர்னிக்கஸின் நூல், பூமியே தன் அச்சிற் சுழல்கின்றது. வானம் சுழலவில்லை என்றது. இதனால் நேர்ந்த விளைவு ஒன்றைப் பலர் உடனே உணர்ந்திலர். வானம் சுழலவில்லையாயின், சுழற்சியை ஆதாரமாகக் கொண்ட அரிஸ்ரோட்டிலின் வாதம் அடியோடு வீழ்கின்றது. வானம் எல்லையுடையதாதல் வேண்டும் என்பதற்கு இருந்த மிகப் பெரிய தூண் இவ்வாறு சாய்ந்தது. கொப்பேர்னிக்கஸோ அச்சத்தினாலோ அடக்கத்தினாலோ, அண்டம் முடிவுள்ளதா அன்றா என்பதை இயற்கைத் தத்துவ அறிஞருக்கு விட்டுவிடுவதாகக் கூறி அமைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆங்கிலேயராகிய தோமஸ் டிக்ஸ் தொடர்ந்தார். 1576 இல் அவர் வெளியிட்ட படத்தில், உடுக்கள் ஒரு கோளத்தின் மீது பதிந்திராது, எல்லாத் திசையிலும் மேன்மேலும் பரந்து செல்வனவாகக் காட்டப்பட்டன. இத்தாலியராகிய யோர்தானோ புரூனோ அதனினும் துணிந்தார். அண்டம் முடிவற்றது, ஒவ்வோர் உடுவும் ஒரு ஞாயிறு, அவற்றைச் சுற்றியும் உலகங்கள் உள என 1584 இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். 1592 இல் வெனிஸ் நகரிற் சிறைப்பட்ட அவர், பின்னர் உரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1600 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள் உயிருடன் எரிக்கப்பட்டார். வானநூற் கருத்துக்காகவே அவர் கொல்லப்பட்டார் என்று கூறுதல் வரலாற்றுக்கு முற்றும் ஒத்ததன்று. அவர்மீது சாட்டிய குற்றங்களுட் பல சமயக் கோட்பாடுகளைச் சார்ந்தவை. எனினும் எண்ணிறந்த உலகங்கள் உள என்ற கொள்கையும் அக்குற்றச்சாட்டுக்களுள் ஒன்றாயிருந்தது என்பது மறுக்கவொண்ணாதது. அண்டத்தின் எல்லை பற்றிய வினா ஓர் உயிரின் விலையுள் ஒரு பங்காயிற்று.

புரூனோவின் கொள்கை உணர்ச்சியாற் சிறந்தது, கணக்காற் சிறந்ததன்று. கெப்ளர் அதனைக் கணக்கறிவு கொண்டு எதிர்த்தார். கலிலியோ 1610 இல் தொலைகாட்டி வாயிலாக எண்ணிறந்த புதிய உடுக்களைக் கண்டு அறிவித்தபொழுது, அதற்கு மறுமொழியாக எழுதிய சிறுநூலிற் கெப்ளர் ஒரு கேள்வி எழுப்பினார். உடுக்கள் யாவும் ஞாயிறுகளாயின், அவை எல்லாம் ஒருங்கு சேர்ந்து நம் ஞாயிற்றினும் மிக்க ஒளியை ஏன் தரவில்லை? இக்கேள்வியிலிருந்து, அண்டம் முடிவுள்ளது என அவர் முடிவு செய்தார். அம்முடிவு அன்று பலராலும் ஏற்கப்படவில்லை. கேள்வியோ முந்நூறு ஆண்டுகள் சாகாது நின்றது. கலிலியோ மட்டும், அண்டம் முடிவுள்ளதென்றோ முடிவற்றதென்றோ எவரும் இதுவரை நிறுவியதில்லை என 1632 இல் வெளிவந்த தம் உரையாடல் நூலிற் கூறி, நடுவுநிலையில் நின்றார்.

நியூற்றன் கண்ட இடர்

நியூற்றனின் ஈர்ப்பு விதி 1687 இல் வெளிவந்தது. எப்பொருளும் பிற பொருளைத் தன்பால் ஈர்க்குமாயின், உடுக்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று வீழாதிருக்கின்றன? பென்ற்லி என்னும் இளம் மதகுரு இவ்வாறான ஐயங்களை எழுப்ப, நியூற்றன் 1692 டிசெம்பர் முதல் 1693 பெப்ரவரி வரை நான்கு கடிதங்களில் விடை எழுதினார். பொருள் யாவும் முடிவுள்ள வெளியிற் பரந்திருப்பின், அவை நடுவை நோக்கி வீழ்ந்து ஒரே திரளாகும். முடிவில்லாத வெளியிற் பரந்திருப்பின், ஒரு நடு இன்மையால் ஒரே திரளாதல் இல்லை. அங்கங்கே பல திரள்களாகக் கூடும். எனவே உடுக்கள் தனித்தனி நிற்பதற்கு முடிவில்லாத அண்டமே பொருந்தியது.

ஆயின் அவை அசையாது நிற்றல் எவ்வாறு? முடிவில்லாத உடுக்கள் ஒன்றையொன்று சமமாக ஈர்த்து நிற்றல், எண்ணிறந்த ஊசிகளை ஒருங்கே முனைமேல் நிறுத்துதல் போலும் அரிதென நியூற்றனே ஒப்புக்கொண்டார். அச்சமநிலையைக் காப்பதற்கு அவர் இறைவன் ஆற்றலைத் துணைக்கொண்டார். அண்டம் அசைவற்றது என்ற எண்ணத்தை எவரும் ஐயுறாத காலம் அது. அவ்வெண்ணமே பிழை என்பது வெளிப்பட மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன.

இரவு ஏன் இருண்டுளது?

கெப்ளர் விட்ட கேள்வியைப் பதினெட்டாம் நூற்றாண்டினர் மீண்டும் எடுத்தனர். ஹலி 1721 இல் அதனை ஆராய்ந்தார். சுவிற்சலாந்தினராகிய செசோ 1744 இற் கணக்கிட்டுக் காட்டினார். செருமனியின் பிறேமன் நகர மருத்துவரும் வானநூல் வல்லுநருமாகிய ஒல்பேர்ஸ் 1823 இல் மீண்டும் எழுதினார். அவர் பெயராலேயே அது இன்று ‘ஒல்பேர்ஸ் முரண்’ என வழங்குகின்றது.

வாதம் வருமாறு. பூமியை நடுவாக வைத்து, ஒரே தடிப்புடைய ஓடுகளாக வெளியைப் பகுத்துக் கொள்க. இருமடங்கு தொலைவிலுள்ள ஓட்டில் ஓர் உடுவின் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆயின் அவ்வோட்டின் பரப்பு நான்கு மடங்காதலின் உடுக்களின் தொகையும் நான்கு மடங்காகும். ஆகவே ஒவ்வோர் ஓடும் ஒரே அளவு ஒளியைப் பூமிக்கு அனுப்பும். ஓடுகள் முடிவிலவாயின், எத்திசை நோக்கினும் பார்வை ஏதேனும் ஓர் உடுவின் மேனியிற் சென்று முட்டும். அடர்ந்த பனங்கூடலின் நடுவே நிற்பவனுக்கு எப்பக்கம் திரும்பினும் மரமே தென்படுதல் போல்வது இது. கூடல் சிறிதாயின் மரங்களினூடே வெளி தெரியும்; பெரிதாயின் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் அரைவானிலே ஞாயிற்று வட்டங்கள் ஏறத்தாழ 90,000 அடங்கும். அவ்வளவு ஞாயிறுகளின் ஒளி இரவும் பகலும் பூமிமேல் வீழ்தல் வேண்டும். வீழவில்லை என்பது எவரும் அறிந்ததே.

இடையிலுள்ள மங்கற்பொருள் ஒளியை விழுங்குகின்றது எனச் செசோவும் ஒல்பேர்சும் விடை கூறினர். அவ்வாறு விழுங்கும் பொருள் நாளடைவிற் சூடேறி, தான் பெற்ற அளவே தானும் கதிர்வீசும் என்பதனை ஜோன் ஹேர்ஷல் 1848 இற் சுட்டிக் காட்டினார். அதே ஆண்டில் உண்மை விடையின் சாயலைக் கண்டவர் வானநூலார் அல்லர். அமெரிக்க எழுத்தாளராகிய எட்கார் அலன் போ ஆவர். மிகத் தொலைவிலுள்ள உடுக்களின் ஒளி இன்னும் பூமியை வந்து அடையவில்லை என்பது அவர் கருத்து. ஒளி கணப்பொழுதிற் பரவுவதன்று என்பது றோமரின் ஆராய்ச்சியால் 1676 முதலே தெரிந்திருந்தது. ஒளிக்கு வேகம் உண்டெனின், தொலைவை நோக்குதல் பழமையை நோக்குதலாகும். உடுக்கள் தோன்றிய காலம் ஒன்று உண்டெனின், அதற்கு முற்பட்ட ஒளியைக் காண்டல் இயலாது. கெல்வின் பிரபு 1901 இல் இதனைக் கணக்கால் உறுதிப்படுத்தினார். வானத்தை உடுக்களால் மூடுதற்கு வேண்டிய தொலைவு, உடுக்களின் ஆயுட்காலத்தில் ஒளி செல்லக்கூடிய தூரத்தினும் மிகப் பெரிதென அவர் காட்டினார்.

இதனாற் பெறப்பட்ட உண்மை யாது? இரவின் இருள் வெளியின் எல்லையைக் காட்டவில்லை. காலத்தின் எல்லையையே காட்டுகின்றது. கெப்ளரின் கேள்வி சரியானது. அவர் பெற்ற முடிவு வேறு. ஒரே வினாவாக இருந்தது இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. அண்டம் பரப்பில் முடிவுள்ளதா என்பது ஒன்று. கால அளவில் முடிவுள்ளதா என்பது மற்றொன்று.

வரம்பும் அளவும் வேறு

செருமானியத் தத்துவ அறிஞராகிய காண்ற் 1781 இல் வெளியிட்ட நூலில், அண்டம் எல்லையுடையது என்பதற்கும் எல்லையற்றது என்பதற்கும் ஒத்த வலிமையுடைய வாதங்களை எதிரெதிரே நிறுத்தினார். இரண்டும் நிறுவப்படுமாயின், வினாவே மனித அனுபவத்தின் வரம்பைக் கடந்தது என்பது அவர் துணிபு. அம்முடிவைக் கேட்டோர் வினா இத்துடன் ஓய்ந்ததெனவே கருதியிருத்தல் கூடும்.

ஓயவில்லை. 1854 ஆம் ஆண்டு யூன் 10 ஆம் நாள் கேற்றிங்கன் சர்வகலாசாலையில் றீமான் என்னும் இளங்கணித அறிஞர் நிகழ்த்திய விரிவுரை, ஆர்க்கைற்றஸ் முதற் காண்ற் ஈறாக யாவரும் கவனியாத ஒரு வேறுபாட்டை வெளிப்படுத்தியது. வரம்பின்மை வேறு, அளவின்மை வேறு. பூமியின் மேற்பரப்பை நோக்குக. 1519 இல் மகெல்லன் தலைமையிற் புறப்பட்ட கப்பல்களுள் ஒன்று, 1522 இற் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பியது. அது வழியில் எவ்விடத்தும் உலகின் விளிம்பைக் காணவில்லை. ஆயினும் பூமியின் பரப்போ முடிவுள்ள சதுர மைல்களாற் கணக்கிடத் தக்கது. விளிம்பு இல்லை, அளவு உண்டு. மூன்று பரிமாணமுடைய வெளியும் இவ்வாறு வளைந்திருத்தல் கூடும் என்பதே றீமானின் கருத்து. அவ்வாறாயின் ஆர்க்கைற்றஸின் கோல் எங்குந் தடைப்படாது, அண்டமும் முடிவிலதாகாது. இரண்டாயிரம் ஆண்டுகளாக வெல்லற்கரியதென நின்ற வாதம் இவ்வொரு வேறுபாட்டினால் வலிகுன்றியது. வெளி வளைந்ததா என்பது அளந்து அறியத்தக்கதாதலின், வினா தத்துவத்தினின்றும் அளவைக்குப் பெயர்ந்தது.

விரியும் அண்டம்

றீமானின் கேத்திரகணிதத்தை ஈர்ப்போடு இணைத்தவர் ஐன்ஸ்ரைன். 1917 பெப்ரவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில், விளிம்பற்றதும் ஆயின் முடிவுள்ளதுமாகிய அண்டம் ஒன்று முதன்முறையாகச் சமன்பாடுகளிலிருந்து பெறப்பட்டது. அசைவற்ற அண்டத்தை நிலைநிறுத்தும் பொருட்டு அவர் தம் சமன்பாட்டிற் புதிய உறுப்பொன்றைச் சேர்த்தார். நியூற்றன் முனைமேல் நிறுத்திய ஊசிகள் இவரையும் விடவில்லை.

பெத்திரோகிராத் நகரத்துக் கணித அறிஞராகிய பிறீட்மான் 1922 இல், அதே சமன்பாடுகள் அசைவற்ற அண்டத்தை வற்புறுத்தவில்லை. விரியும் அண்டத்தையும் சுருங்கும் அண்டத்தையும் இடங்கொடுக்கின்றன எனக் காட்டினார். ஐன்ஸ்ரைன் அதனைப் பிழையென முதலில் அச்சிட்டு, மறு ஆண்டில் பிழை தம்முடையதே என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1924 இற் பிறீட்மான் எதிர்மறை வளைவுடைய வெளிக்கும் தீர்வு கண்டார். அவ்வாறான வெளி முடிவிலதாதல் கூடும். அடுத்த ஆண்டிலே அவர் இறந்தார். பெல்சிய மதகுருவும் பௌதிக அறிஞருமாகிய லெமேத்தர் 1927 இல் தனித்து இம்முடிவை அடைந்தார். அமெரிக்காவின் மவுண்ற் வில்சன் வானாய்வுகூடத்தில் ஹபிள் பிற உடுத்தொகுதிகளின் தொலைவை அளந்து, தொலைவு கூடக்கூட விலகும் வேகமுங் கூடுகின்றது என 1929 இல் அறிவித்தார். அண்டம் விரிவது அளவையால் உறுதிப்பட்டது. முனைமேல் நின்ற ஊசிகள் உண்மையில் நிற்கவில்லை. அவை என்றும் அசைந்தவாறே இருந்தன.

விரிவைப் பின்னோக்கிச் செலுத்தின், யாவும் நெருங்கி வெம்மையுற்றிருந்த ஒரு காலத்தை அடைதல் வேண்டும். அதனை ஏலாத பொண்டி, கோல்ட், ஹொயில் என்போர் 1948 இல், தொடக்கமும் முடிவும் அற்ற நிலைபேற்றுக் கொள்கையை முன்வைத்தனர். பென்சியாஸ், வில்சன் என்போர் 1965 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அப்பூசலைப் பெரும்பாலுந் தீர்த்தது. வானத்தின் எல்லாத் திசையினின்றும் ஒரே அளவாக வரும் நுண்ணலைக் கதிர்ப்பை அவர்கள் கண்டனர். அதன் வெப்பநிலை தனிப்பூச்சியத்தினின்றும் ஏறத்தாழ 3 பாகையே. விரிவு தொடங்கி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் சென்றபொழுது, அண்டம் முழுவதும் ஏறத்தாழ 3,000 பாகை வெம்மையில் ஒளிர்ந்தது. அவ்வொளியே விரிவினால் ஏறத்தாழ 1,100 மடங்கு நீட்சியடைந்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலையாக இன்று வந்து சேர்கின்றது. எத்திசை நோக்கினும் பார்வை ஓர் ஒளிச்சுவரில் முட்டும் என்ற ஒல்பேர்ஸ் வாதம் ஒருவகையில் மெய்யாயிற்று. அச்சுவர் உண்டு, அதன் ஒளி குன்றிப் புலனைக் கடந்தமையாலேயே இரவு இருண்டு தோன்றுகின்றது.

இன்றைய நிலை

அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என இன்று கணிக்கப்பட்டுள்ளது. அக்காலத்துள் ஒளி வந்து சேர்ந்த பகுதியின் ஆரை, இடையே நிகழ்ந்த விரிவையும் சேர்த்து, ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு ஆகும். காணக்கூடிய அண்டம் முடிவுள்ளது என்பது இதனால் ஐயமற்றது. ஆயின் இவ்வெல்லை கடலிற் செல்வோன் காணும் தொடுவானம் போன்றது, கடலின் எல்லையன்று.

அதற்கு அப்பாலும் அடங்கிய முழு அண்டத்தின் வடிவை அறிய, றீமான் காட்டிய வழியிலே வெளியின் வளைவு அளக்கப்பட்டது. வளைந்த வெளியில் முக்கோணத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையினின்றும் வேறுபடும். பழைய கதிர்ப்பிலுள்ள வெப்பத் திட்டுக்களின் உண்மைப் பருமன் பௌதிகத்தாற் கணிக்கத்தக்கது. அவை வானிற் காட்டும் கோணமோ அளக்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அண்டவெளி முழுவதையும் ஒரு பெரு முக்கோணமாக அளந்தனர். அந்தாட்டிக்கில் விடப்பட்ட பலூன் கருவியின் பேறுகள் 2000 ஆம் ஆண்டிலும், 2009 இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் பேறுகள் பின்னரும் வெளிவந்தன. வெளியின் வளைவு, உண்டாயின், இருநூற்றில் ஒரு பங்கினுங் குறைவென இவை ஒருங்கு நோக்கிய அளவைகள் காட்டுகின்றன. வெளி ஏறத்தாழத் தட்டையானது.

தட்டையாயின் முடிவற்றது எனத் துணியலாமா? அதுவும் இயலாது. ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கின், அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் மாறுவதில்லை. ஆயினும் அதன் வழியே ஒரு திசையிற் செல்வோன் புறப்பட்ட இடத்துக்கே மீள்வான். தட்டையான வெளியும் இவ்வாறு தன்னோடு தான் இணைந்து முடிவுள்ளதாதல் கூடும். அவ்வாறாயின் வானத்தின் இருவேறு திசைகளில் ஒரே கோலமுடைய வட்டங்கள் தோன்றுதல் வேண்டும். அவ்வட்டங்களைத் தேடி 2004 இல் வெளிவந்த ஆய்வும் அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளும் அவற்றைக் காணவில்லை. அண்டம் முடிவுள்ளதாயினும், அதன் அளவு காணக்கூடிய பகுதியினும் மிகச் சிறிதாதல் இல்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

முடிவுரை

இவ்வரலாற்றினால் விளங்குவன சில உள. எல்லை என்ற ஒரு சொல் விளிம்பு, பரப்பு, வயது, காட்சி என்ற நான்கனையும் தன்னுள் அடக்கி நின்றது. அண்டத்துக்கு விளிம்பு உண்டெனக் கொள்ளுதற்குக் காரணம் இல்லை. இன்றைய விரிவு தொடங்கியதிலிருந்து அதற்கு ஒரு வயது உண்டு. காட்சிக்கும் எல்லை உண்டு. முழுப்பரப்பு முடிவுள்ளதா என்ற ஒன்றே தீராது எஞ்சியுள்ளது.

அவ்வெஞ்சிய வினாவிலும் நேர்மையுள்ளார் மறத்தலாகாத ஒரு சிறப்புண்டு. அண்டம் முடிவுள்ளதாயின், ஒரு நாள் வளைவை அளந்தோ, ஒத்த வட்டங்களைக் கண்டோ அதனை நிறுவுதல் கூடும். முடிவற்றதாயின், அதனை எந்த அளவையாலும் நிறுவுதல் இயலாது. எவ்வளவு தொலைவை அளந்தாலும் அளந்தது முடிவுள்ளதே. வளைவு பூச்சியம் என்று கண்டாலும், அளவையின் வழுவுக்குள் ஒரு சிறு வளைவு மறைந்திருத்தல் கூடும். ஆகவே உண்டென்பார்க்கு மெய்ப்பிக்கும் வழி உண்டு. இல்லையென்பார்க்குக் காத்திருத்தலேயன்றி வழியில்லை.

அரிஸ்ரோட்டில் உறுதியாகக் கூறினார். புரூனோ உறுதியாகக் கூறி உயிர்விட்டார். கெப்ளர் உறுதியாக மறுத்தார். எவரும் நிறுவியதில்லை என்று கலிலியோ 1632 இற் கூறிய சொல், அவர் அறியாத வளைவும் விரிவும் கதிர்ப்பும் அளக்கப்பட்ட இந்நாளிலும் பொய்யாகவில்லை. ஆயினும் அன்று அவர் அறியாமையால் அமைந்தார்; இன்று அறிஞர் எதனை அளத்தல் கூடும், எதனை அளத்தல் கூடாது என்று தெரிந்து அமைகின்றனர். இவ்விரு அமைதிக்கும் இடைப்பட்ட தூரமே அவ்வினாவின் வரலாறாகும்.